புது லேப்டாப்பில் விண்டோஸ் 10 போட உதவி வேணும்

வணக்கம் மக்களே. சிங்கப்பூர் தேக்காவில் இருக்கிற மாமாவோட மளிகைக் கடைக்குப் புது லேப்டாப் வாங்கினோம், விண்டோஸ் 11. பழைய பில்லிங் மென்பொருள் அதில் ஒத்துவரல. ரசீது பாதியில் நின்னு, மிச்சம் கட்டம் கட்டமா அடிக்குது.

விண்டோஸ் 10 பென்டிரைவில் பூட் பண்ணினா, டிரைவ் பட்டியலே காலி. பயாஸில் (லேப்டாப்போட அடிப்படை செட்டிங்) விஎம்டி (VMD, டிரைவ்களை நிர்வகிக்கிற இன்டெல் வசதி) ஆன்ல இருக்கு. அதை அணைக்கணுமா, இல்ல இன்ஸ்டால் பண்ணும்போதே இன்டெல் ஆர்எஸ்டி டிரைவரை (RST, டிரைவை விண்டோஸ் கண்டுபிடிக்க உதவுற மென்பொருள்) ஏத்தினாப் போதுமா? அணைச்சா இப்ப உள்ள 11 பூட் ஆகாதுங்கிறாங்களே. பிட்லாக்கர் (டிரைவைப் பூட்டி வைக்கிற விண்டோஸ் வசதி) ரெகவரி கீ எழுதி வெச்சாச்சு.

10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது தெரியும், அந்த அறிவுரை வேண்டாம், ப்ளீஸ். மாமாவுக்குப் புது மென்பொருள் பழக்குறதைவிட இது லேசு! சிம் லிம் ஸ்கொயர் கம்ப்யூட்டர் கடைகளுக்குத் தூக்கிட்டுப் போகாம வீட்டிலேயே முடிக்கப் பார்க்கிறேன். செஞ்சவங்க சொல்லுங்க.