பயர்வோலுக்கு வெளியே சென்சர் வைத்தால் அதுவே பின்கதவாகிவிடாதா?

வெள்ளவத்தை_வயர்:
கொள்ளுப்பிட்டியில் ஒரு நடுத்தரக் கம்பனியில் நெட்வேர்க் பார்க்கிறேன். வெளியிலிருந்து யார் யார் தட்டிப் பார்க்கிறார்கள் என்று தெரிய வேண்டும் என்கிறார் எங்கள் மனேஜர். ஃபைபர் வந்து முடியும் ஓஎன்டி பெட்டிக்கும் பயர்வோலுக்கும் நடுவில் ஒரு சுவிட்ச் போட்டு, அதன் மிரர் போர்ட்டில் (லைனில் போவது வருவது எல்லாவற்றின் பிரதியும் வரும் போர்ட்) சூரிகாட்டா என்ற தாக்குதல் கண்டறியும் மென்பொருள் ஓடும் பழைய டெஸ்க்டொப் ஒன்றைச் சென்சராகக் கொளுவலாம் என்று இருக்கிறேன். இரண்டு கார்ட். ஒன்று வெளியே கேட்கும், மற்றது ஒபிஸ் லானில் (உள் நெட்வேர்க்கில்) இருக்கும், அலேர்ட் பார்க்க. அந்த இரண்டாவது கார்ட்தான் எனக்கு இடிக்கிறது. பெட்டியை யாராவது பிடித்துவிட்டால் பயர்வோலைத் தொடாமலே நேராக உள்ளே வந்துவிடுவார்களே? கேட்கும் கார்டுக்கு ஐபி கொடுக்காவிட்டால் போதும் என்கிறார்கள், உண்மையா?

கொட்டாஞ்சேனை_ரூட்:
தம்பி, பயப்பட வேண்டிய இடத்தில்தான் பயந்திருக்கிறீர்கள். அந்த இரண்டாவது கார்டை லானில் வைக்கவே வேண்டாம். பயர்வோலில் சும்மா கிடக்கும் போர்ட் ஒன்றை எடுத்து அதற்கென்று தனி சோன் (தனி விதிகள் உள்ள பகுதி) போடுங்கள், சென்சரின் மனேஜ்மென்ட் கார்ட், அதாவது அந்த இரண்டாவது கார்ட், அங்கே மட்டும் போகட்டும். உள்ளேயிருந்து சென்சருக்கு எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து லொகின்) போகலாம், சென்சரிலிருந்து உள்ளே எதுவும் தொடங்கக் கூடாது. லொக் அது அனுப்ப வேண்டாம், உள்ளே இருக்கும் சேர்வர் போய் எடுத்து வரட்டும். ரூல் அப்டேட்டும் அப்படியே, உள்ளே இறக்கி அங்கே தள்ளுங்கள். டீஃபோல்ட் கேட்வே (வெளியே போகும் பொதுவழி) வேண்டாம், உள் லானுக்கு மட்டும் ஒரு ரூட் போட்டால் பெட்டி வேலை செய்யும். நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும், அதற்கு பயர்வோலையே என்டிபி (நேரம் சொல்லும்) சேர்வராகக் காட்டிவிடுங்கள்.

இன்னொன்று, பலர் விடும் பிழை. நடுவில் போடும் சுவிட்சுக்கும் ஒரு மனேஜ்மென்ட் முகவரி இருக்கிறது! அது வெளிப்பக்க விலானில் (சுவிட்சுக்குள் பிரித்த நெட்வேர்க்கில்) இருந்தால் சென்சரை எவ்வளவு பூட்டியும் பயனில்லை.

இரவுப்பணி:
ஐபி இல்லாவிட்டால் போதும் என்பதை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அது நல்ல பழக்கம்தான், கட்டாயம் செய்யுங்கள், ஆனால் சென்சரின் வேலையே வருகிற ஒவ்வொரு பாக்கெட்டையும் பிரித்து வாசிப்பது, வாசிக்கும் அந்தக் கோடில் ஓட்டை இருந்தால் முகவரி எதற்கு? 2004 மார்ச்சில் வந்த விட்டி வேர்ம் (தானாகப் பரவும் நச்சு நிரல்) அப்படித்தான் ஐஎஸ்எஸ் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருட்களையே தாக்கியது. ஐசிக்யூ என்ற சட் சேவையின் பாக்கெட் போல, சோர்ஸ் போர்ட் 4000 இல் ஒரு யுடிபி பாக்கெட், அவ்வளவுதான். வாசித்தவுடன் மெஷின் போய்விடும், அப்புறம் ஹார்ட் டிஸ்கில் கண்டபடி எழுதி அழிக்கும். ஏறத்தாழ 12,000 மெஷின்கள், அத்தனையும் பாதுகாப்புக்காக மென்பொருள் போட்டவர்களுடையவை. 2005 இல் சூரிகாட்டா போன்ற இன்னொரு மென்பொருளான ஸ்னோர்ட்டில், பேக் ஓரிஃபிஸ் என்ற பின்கதவு நிரலைக் கண்டுபிடிக்கும் பகுதியிலும் ஒரே யுடிபி பாக்கெட்டில் உள்ளே வரக்கூடிய ஓட்டை இருந்தது.

ஆகவே இந்தப் பெட்டி ஒருநாள் போகும் என்று வைத்துக்கொண்டே கட்டுங்கள். சூரிகாட்டாவை ரூட்டாக (முழு அதிகாரத்துடன்) ஓட்டாதீர்கள். கம்பனியின் பொது லொகின் டொமெய்னில் சேர்க்காதீர்கள். வேறெங்கும் பாவிக்கும் பாஸ்வேர்டோ கீயோ அதில் இருக்கக் கூடாது. பேட்ச் வந்தால் அன்றே போடுங்கள்.

வெள்ளவத்தை_வயர்:
நன்றி அண்ணாமார். பெறுவதற்கு மட்டும் வயர் இணைத்த கேபிள் செய்யலாம் என்று ஒரு பழைய கட்டுரையில் வாசித்தேன், அனுப்பும் பக்கத்தை வெட்டிவிடுவார்களாம். செய்து பார்க்கவா?

கொட்டாஞ்சேனை_ரூட்:
அது 100 மெகாபிட் காலத்து வித்தை. அப்போது அனுப்ப ஒரு சோடி, பெற ஒரு சோடி. கிகாபிட்டில் நான்கு சோடியும் இரு பக்கமும் பேசும், ஒன்றை வெட்டினால் லிங்கே வராது. காசு இருந்தால் டெப் (லைனைப் பிரதி எடுத்துத் தரும் தனிப் பெட்டி) வாங்குங்கள், இல்லாவிட்டால் மிரர் போர்ட்டே போதும், ஆனால் அந்தப் போர்ட் சென்சரிடமிருந்து எதையும் வாங்காதபடி செட் பண்ணுங்கள். லைன் 300 மெகாபிட் என்றால் பாக்கெட் விழாது. முழுக் கிகாபிட் லைனில் ஏற்றமும் இறக்கமும் சேர்ந்து 2 கிகாபிட் வரலாம், ஒரு போர்ட் தாங்காது. ஓஎன்டி பிரிட்ஜ் மோடில் (தான் ரவுட் பண்ணாமல் அப்படியே கடத்தும் முறையில்) இருக்கிறதா? அப்படியென்றால் அங்கே பெரும்பாலும் எல்லாம் பிபிபிஓஈ (லொகின் செய்து இணையும் முறை) உறைக்குள் போகும், பாக்கெட் பார்க்கும் டிசிபிடம்ப் கருவியின் ஃபில்டரில் அதைச் சொல்லாவிட்டால் ஒன்றுமே இல்லை என்று காட்டும்.

மனேஜரிடம் ஒன்று சொல்லி வையுங்கள். வெளியே இருக்கும் சென்சர் ஓயாமல் கத்தும். போர்ட் 22, 445, 3389 எல்லாவற்றையும் உலகம் முழுக்கத் தட்டிக்கொண்டேயிருக்கும். என்ஏடிக்கு (உள் முகவரிகளை ஒரே வெளி முகவரியாக மாற்றும் இடத்துக்கு) வெளியே என்பதால் உள்ளே எந்த மெஷின் பேசுகிறது என்றும் அது காட்டாது, எல்லாம் ஒரே முகவரி. ஒரு சென்சருக்குத்தான் வசதி என்றால் நான் உள்ளேதான் வைப்பேன்.

வெள்ளவத்தை_வயர்:
உள்ளேயும் ஒன்று வைக்கச் சம்மதம் வாங்கிவிட்டேன். போடுமுன் வெளி சென்சரின் கேட்கும் கார்டை என் லப்டொப்பில் நேராகக் கொளுவி, சென்சரை ரீபூட் பண்ணிப் பார்த்தேன். ஐபி இல்லை என்று நம்பியிருந்த கார்ட், அரை நிமிடத்துக்குள் டிஎச்சிபியில் முகவரி கேட்கிறது, ஐபிவி6 இல் ரவுட்டர் தேடுகிறது! கார்டுகளைத் தானாகச் செட் பண்ணும் நெட்வேர்க்மனேஜர் அதைத் தன் கையில் எடுத்திருக்கிறது. அதிலிருந்து விடுவித்து, ஐபிவி6 ஐயும் ஏஆர்பியையும் (பக்கத்து மெஷின்களின் கார்ட் முகவரி கேட்கும் முறை) நிறுத்தினேன். மறுபடி ரீபூட், 20 நிமிடம் பார்த்தேன், ஒரு பாக்கெட்கூட வரவில்லை.

இரவுப்பணி:
நல்ல வேலை. கேர்னல் அப்டேட் பண்ணும் ஒவ்வொரு முறையும் இதே சோதனையைச் செய்யுங்கள், கார்டின் பெயர் மாறினால் எல்லாம் பழையபடி வந்துவிடும். ஜிஆர்ஓ, எல்ஆர்ஓ இரண்டையும் நிறுத்த மறக்க வேண்டாம், இவற்றால் கார்டோ கேர்னலோ பாக்கெட்டுகளை ஒட்டிக் கொடுத்தால் சூரிகாட்டா பார்ப்பது லைனில் வந்தது அல்ல. அப்புறம் அந்த நடு சுவிட்சை யூபிஎஸ்ஸில் போட்டீர்களா? கரண்ட் போனால் அதோடு முழு ஒபிஸின் இன்டர்நெட்டும் போகும்.

வெள்ளவத்தை_வயர்:
இல்லை அண்ணா, சுவரில்தான் இருக்கிறது. நாளைக் காலை முதல் வேலை அதுதான்.