அரிசோனா, நெவாடா பாலைவனப் பயணம்: அத்தான்ட இடுப்பில பிஸ்டல், நமக்குச் சிக்கல் வருமா?

கல்லடிப்பாலம்:
நவம்பரில நானும் மனிசியும் பி1/பி2 விசாவில பீனிக்ஸ் போறம். அக்காவும் அத்தானும் அங்கதான், அத்தான் அமெரிக்கப் பிரஜை. அவர்ட கார்ல பீனிக்ஸ், லாஸ் வேகாஸ், டெத் வேலி, லாஸ் ஏஞ்சல்ஸ் என்று ஒரு சுத்துப் போறதாத் திட்டம். அத்தான் வெளியில தெரியத்தான் பிஸ்டல் கட்டிக்கொண்டு திரிவார். "அரிசோனாவில லைசன்ஸே தேவையில்ல, நீயும் ஒண்டைக் கட்டு" என்கிறார். மட்டக்களப்பில யானைக்குப் பயந்து ஒரு துவக்கு வைக்கிறதெண்டாலே வருசா வருசம் லைசன்ஸ் புதுப்பிக்க வேண்டிக் கிடக்கு. உண்மையிலயே எனக்கும் அங்க அனுமதி இருக்கா? அவர் மட்டும் கட்டினா, கூட இருக்கிற எங்களுக்குப் பிரச்சினையா?

வாவிக்கரையான்:
தம்பி, தொடவே வேண்டாம். அத்தான் சொல்றது அரிசோனாச் சட்டம். அது அவருக்குச் சரி: 18 வயது தாண்டினால் வெளியில தெரியக் கட்டலாம், 21 தாண்டினால் 2010 முதல் மறைச்சுக் கட்டவும் அனுமதிப்பத்திரம் தேவையில்லை. ஆனா உங்களைப் பிடிக்கிறது மத்திய சட்டம். உங்கட பி1/பி2 மாதிரிக் குடியேற்றம் அல்லாத விசாவில உள்ளே வந்த ஆள் துவக்கோ ரவையோ வைத்திருப்பதே குற்றம். 2022இல் உச்சத் தண்டனையை 15 வருசமாக்கினார்கள். நாடுகடத்தலும் கூட வரும். தெரிந்துகொண்டே உங்கட கையில கொடுக்கிற அத்தானும் மாட்டுவார்.

ஒரு விலக்கு இருக்கு: ஏதாவது ஒரு அமெரிக்க மாநிலம் கொடுத்த, காலாவதியாகாத வேட்டை லைசன்ஸ் கையில இருந்தா இந்தத் தடை பொருந்தாது. வேட்டைக்குப் போறவருக்கு அது சரி. ஊர் சுத்திப் பார்க்கப் போறவர் அதை எடுத்துக்கொண்டு பிஸ்டல் கட்டுறது பொலிஸ்காரருக்கு றோட்டோரத்தில சட்டம் படிப்பிக்கிற வேலை. விசா உங்கட, நேரமும் உங்கட.

இனி "வைத்திருப்பது" என்றா என்ன என்று பாருங்கோ. இடுப்பில இருந்தா மட்டும் இல்ல. அங்க ஒரு சாமான் இருக்கு என்று தெரிந்து, நினைச்ச நேரம் எடுத்துக் கையாளக்கூடிய நிலையில நீங்க இருந்தாலும் அதற்குள் அடங்கும். வழமையாப் பிசகிற இடம் இதுதான்: அத்தான் தேசியப் பூங்காவின் பார்வையாளர் நிலையத்துக்குப் போகணும், மத்திய அரசுக் கட்டடத்துக்குள்ள துவக்கு கொண்டுபோகேலாது. "இதை ஒருக்காப் பிடி" என்று உங்கட மடியில வைச்சிட்டு இறங்குவார். அந்த ஐந்து நிமிசம் நீங்கதான் உடைமையாளர். அதுக்குப் பதிலா, காருக்குள்ள கேபிளால பிணைச்ச சின்ன இரும்புப் பெட்டியில வைச்சுப் பூட்டித் திறப்பை அவரே கொண்டு போகட்டும். உங்கட சீற்றுக்குக் கீழயும், மனிசிட கைப்பையிலயும் கூடவே கூடாது. அவர் நித்திரை, நீங்க ஓட்டுறீங்க என்றாலும் அது அவர்ட இடுப்பில, இல்லாட்டி அந்தப் பெட்டியில.

அக்கரைப்பற்றுக் காக்கா:
மேல உள்ளவர் விசாவைச் சொல்லிட்டார். நான் மாநில எல்லையைச் சொல்றன், ஏனெண்டா அத்தான் மாட்டப்போறது கலிபோர்னியாவில.

நெவாடாவில வெளியில தெரியக் கட்டலாம், மறைச்சுக் கட்டத்தான் அனுமதிப்பத்திரம். அதால ஜக்கெட் போட்டு மூடாம இருக்கச் சொல்லுங்க. கசினோக்கள் தனியார் இடம். வெளியே போ என்றா போகணும், நிண்டா அத்துமீறல். அரிசோனாவில மதுபானம் அருந்துற கடைக்குள்ளயும் வெளியில தெரியக் கட்டிக்கொண்டு போகேலாது.

கலிபோர்னியாவில 1967இலேயே ரவை நிரப்பின துவக்கைப் பொது இடத்தில கொண்டு திரியத் தடை போட்டாங்க. 2012 ஜனவரி தொடக்கம் ரவை இல்லாத பிஸ்டலையும் வெளியில காட்டத் தடை. வழக்குகள் நடந்துகொண்டே இருக்கு, அதை நம்பி இடுப்பில கட்டாதீங்க. காரில கொண்டு போற முறை இதுதான்: ரவை இல்லாம, பூட்டின பெட்டிக்குள்ள, இல்லாட்டிப் பூட்டின டிக்கிக்குள்ள. டேஷ்போர்ட் லாச்சியைப் பூட்டினாலும் அது கணக்கில வராது. எஸ்யுவி என்றா தனி டிக்கி இல்ல, அதால பூட்டுப் பெட்டி கட்டாயம். பத்து ரவைக்கு மேல பிடிக்கிற ரவைக்கூட்டை பீனிக்ஸிலேயே விட்டுட்டு வரட்டும்.

ரவை எடுக்கிற ஒழுங்கு முக்கியம். முதல்ல ரவைக்கூட்டை வெளிய எடுக்கணும், பிறகுதான் ஸ்லைடை (பிஸ்டலுக்கு மேல முன்னும் பின்னும் ஓடுற பகுதி) இழுத்து, குழலடி அறைக்குள்ள நிக்கிற ரவையைக் கழற்றணும். மாறிச் செய்தா ஸ்லைட் திரும்பிப் போகேக்க அடுத்த ரவையை அறைக்குள்ள தள்ளிடும். "காலி" என்று நினைச்ச துவக்கு வெடிக்கிறது பெரும்பாலும் இப்படித்தான். ஸ்லைடைப் பின்னால நிறுத்திக் கண்ணால பார்த்து, சின்ன விரலை விட்டுத் தடவியும் பார்க்கணும். இதை லாஸ் வேகாஸ் ஹோட்டல் அறையிலேயே முடிச்சிட்டுப் புறப்படுங்க. எல்லைக்குக் கிட்ட பெற்றோல் ஷெட்டில காருக்குள்ள குனிஞ்சு பிஸ்டலைக் கழற்றினா, பக்கத்துக் கார்க்காரர் 911க்கு அடிப்பார்.

டெத் வேலி அனேகமா முழுக்கக் கலிபோர்னியாவுக்குள்ள. தேசியப் பூங்காவில 2010 தொடக்கம் அந்தந்த மாநிலச் சட்டம்தான், அதால பெட்டி பூட்டினபடியே இருக்கணும்.

கல்லடிப்பாலம்:
மிச்சம் நன்றி. பொலிஸ் மறிச்சா? மொனுமென்ட் வேலிக்கும் போவமா என்று யோசிக்கிறம்.

வாவிக்கரையான்:
மொனுமென்ட் வேலி நவஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். அங்க அவங்கட சட்டம், மாநில அனுமதி செல்லாது. அந்தப் பக்கம் போற நாளில பிஸ்டலை வீட்டில விடச் சொல்லுங்கோ.

மறிச்சா: அத்தான்ட ரெண்டு கையும் ஸ்டியரிங்கில, உங்கட கை மடிக்கு மேல தெரியிற மாதிரி. அரிசோனாவில மறைச்சு வைச்சிருக்கிறவரைப் பொலிஸ் கேட்டா உண்மையைச் சொல்லியே ஆகணும். விசாரணை முடியும் வரை அவங்க அதை வாங்கி வைக்கவும் ஏலும். கேட்க முதலே "கன்" என்று கத்தக் கூடாது. "வலப்பக்க இடுப்பில ஒன்று இருக்கு, கையை எங்க வைக்க?" அவ்வளவுதான். நீங்க பேசத் தேவையில்ல. கடவுச்சீட்டும் ஐ-94 (நாட்டுக்குள்ள வந்ததுக்கான) பதிவின் அச்சும் சட்டைப்பையில இருக்கட்டும், டிக்கிப் பெட்டிக்குள்ள இல்ல. தெற்கு அரிசோனா றோட்டில எல்லைக் காவல் சோதனைச்சாவடியும் வரும்.

உன்னிச்சைக்குளம்:
யாரும் சொல்லாத ஒன்று. அந்தப் பாலைவனத்தில பிஸ்டல் ஒன்றுக்கும் உதவாது, மனிசரைக் கொல்றது வெயில். டெத் வேலியில 1913 ஜூலையில 56.7 பாகை செல்சியஸ் பதிவாகி இருக்கு. நவம்பர் பரவாயில்ல, எண்டாலும் ஆளுக்கு நாளைக்கு நாலு லீற்றர் தண்ணி, மேலதிகமா ஒரு கான். போன் சிக்னல் பல இடத்தில இல்ல, வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வையுங்க. கார் நிண்டா காரை விட்டு நடக்காதீங்க.

அத்தானுக்கு: எண்ணெயை மெல்லிசாப் பூசச் சொல்லுங்க, கூடப் பூசினா புழுதி ஒட்டிச் சிக்கும்.

அக்கரைப்பற்றுக் காக்கா:
இன்னும் ரெண்டு. லாஸ் வேகாஸில சுடுதளங்கள் "டூரிஸ்ட் வாங்க" என்று விளம்பரம் போடும். விசா இல்லாம வர ஏலுமான நாட்டுக்காரர்ட கதை வேற. உங்களைப்போல விசாவில வந்தவர் வேட்டை லைசன்ஸ் இல்லாம அங்கயும் தொடக் கூடாது. பிஸ்டலைக் கையில பிடிச்சுப் படம் எடுத்து ஃபேஸ்புக்கில போடுறதும் நீங்களே எழுதிக் கொடுத்த வாக்குமூலம்.

மற்றது, அத்தான்ட காரில ரவை உருண்டு கிடக்கும். திரும்பேக்க பயணப்பை, ஜக்கெட் பை, பிள்ளைக்கு வாங்கின விளையாட்டுச் சாமான் பெட்டி எல்லாத்தையும் கொட்டிப் பாருங்க. சுட்ட வெறுங்கோதைக்கூட ஞாபகார்த்தமா எடுத்து வராதீங்க. கட்டுநாயக்க ஸ்கேனரில அது தெரிஞ்சா, வரவேற்க வந்தவங்க வெளியில காத்துக்கொண்டு நிக்க, நீங்க உள்ள பொலிஸுக்கு வாக்குமூலம் கொடுத்துக்கொண்டு இருப்பீங்க.