கார்த்தேஜ் கல்லறைகளில் கிடைத்த சவரக்கத்தி எதற்குப் பயன்பட்டது?

நிலாவெளி வாசகர்:
உயர்தர வகுப்பு வரலாற்றுப் பாடத்துக்குப் படங்கள் திரட்டியபோது, துனீசியாவிலுள்ள கார்த்தேஜ் நகரின் கல்லறைகளில் எடுத்த வெண்கலத் தகடுகள் சில கண்ணிற்பட்டன. சிறு கோடரி போன்ற வடிவம்; ஒரு முனை பிறையாக அகன்றிருக்க, மறுமுனை அன்னத்தின் கழுத்தாக வளைந்து பிடியாகிறது; இரு பக்கங்களிலும் தெய்வ உருவங்கள் கீறப்பட்டுள்ளன. இவற்றைச் சவரக்கத்தி என்கிறார்கள். இத்தனை வேலைப்பாடுள்ள ஒன்றால் யாரேனும் மழித்திருப்பார்களா, அல்லது இறந்தவருக்கென்றே செய்த காப்புப் பொருளா? எதைக் கொண்டு தீர்மானிப்பது?

மூதூரிலிருந்து:
ஐயா, தலைமுறையாகச் சவரத் தொழில் செய்யும் குடும்பத்தவன் என்பதால் கத்தியின் வாயைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வெண்கலத்தால் மழிக்க முடியும். வாய்ப்பக்கத்தைச் சுத்தியலால் அடித்து மெலிதாக்கும்போது உலோகம் இறுகும். பின் கல்லில் தீட்டினால் மயிரை எடுக்கும். வாய் முன்முனையிலும் பிடி அதற்கு நேர் பின்னாலும் இருப்பதால், நம் கத்தியைப் போல் பக்கவாட்டில் இழுக்காமல், உளியைப் போல முன்னே தள்ளித்தான் மழித்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். தீட்டத் தீட்ட வாய் உள்வாங்கும். ஆகவே கீறிய உருவத்தின் ஓரம் வாயருகே அறுபட்டிருந்தால் அது பல காலம் உழைத்த கத்தி. உருவம் முழுதாக இருந்து வாயும் தடித்திருந்தால் அது மயிரைக் கண்டதே இல்லை.

உப்புவெளியிலிருந்து:
மூதூர் நண்பர் சொன்ன சோதனை சரியானது. ஆனால் "கருவியா, சடங்குப் பொருளா" என்று பிரித்துக் கேட்பதே இடறலாகப் படுகிறது. பழைய கத்திகள் பெரும்பாலும் வெறுமையானவை. உருவங்கள் பெருகியது கி.மு. 146இல் நகரம் அழிவதற்கு முந்திய சில நூற்றாண்டுகளில்தான். அவற்றில் எகிப்தியத் தெய்வங்களும் உண்டு, கிரேக்க வீரத்தெய்வமான எராக்கிளிசும் உண்டு. கார்த்தேஜை நிறுவியவர்கள் பினீசியர்; சைப்பிரசின் கித்தியோன் நகரில் கிடைத்த அவர்களுடைய ஆலயக் கணக்கில், பணிக்குக் கூலி பெற்றவர்களுள் நாவிதர்களும் குறிக்கப்படுகிறார்கள். மழித்தல் அங்கே ஆலயப் பணியாகவும் இருந்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. கோணேசர் கோயிலில் நேர்த்திக்கு மொட்டையடிக்கும் கத்தியும் மயிரை எடுக்கும் கத்திதானே! டென்மார்க்கின் வெண்கலக் காலக் கல்லறைகளிலும் கப்பல் உருவம் கீறிய சவரக்கத்திகள், மயிர் பிடுங்கும் சிறு குறடுகளோடு சேர்ந்தே கிடைக்கின்றன; அந்தக் குறடுதான் அங்கே பயனைக் காட்டிக்கொடுக்கிறது. எனவே கத்தியோடு கூட என்னென்ன கிடந்தன என்பதையும் பாருங்கள்.

மூதூரிலிருந்து:
ஆலயக் கணக்கு நாவிதரைத்தான் சொல்கிறது, இந்தக் கத்தியைச் சொல்லவில்லை. வாயைப் பார்க்காமல் முடிவு சொல்ல எனக்கு மனமில்லை.

நிலாவெளி வாசகர்:
இருவருக்கும் நன்றி. என்னிடமுள்ள படங்கள் அனைத்தும் முன்தோற்றத்தையே காட்டுவதால் வாயின் தடிப்புத் தெரியவில்லை. குறுக்குவெட்டு வரைபடத்தோடு வெளிவந்த அகழ்வறிக்கை எவரிடமாவது இருந்தால் அறியத் தாருங்கள்.