யாழ் நகரைச் சுற்றி நீந்துவதற்கு எந்த நீர் உகந்தது?

வடமராட்சியான்:
பாடசாலை விடுமுறை தொடங்கும்போதெல்லாம் பிள்ளைகளுக்கு எங்கே நீச்சல் பழக்குவது என்ற கேள்வி எங்கள் வீட்டில் எழுகிறது. கீரிமலையின் ஊற்றுநீர்க் கேணி, காரைநகரின் கசூரினா கடற்கரை, வேலணையின் சாட்டிக் கடற்கரை ஆகிய இடங்கள் நகரத்திலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரத்தில் இருக்க, காசு கட்டித் தடாகத்தில்தான் பழக வேண்டும் என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. 1954 இல் பாக்கு நீரிணையை நீந்திக் கடந்த நவரத்தினசாமி தொண்டைமானாற்றைச் சேர்ந்தவர். 1971 இல் தனுஷ்கோடிக்கு நீந்திப் போய்த் திரும்பிய ஆழிக்குமரன் ஆனந்தன் வல்வெட்டித்துறையைச் சேர்ந்தவர். அந்தக் கடல் இன்றும் அங்கேதான் இருக்கிறது. அதில் இறங்கத் தெரிந்த பிள்ளைகள்தாம் குறைந்துவிட்டார்கள்.

சங்கானைத் தாய்:
ஐயா, இரண்டு வீரர்களைக் காட்டி எல்லாப் பிள்ளைகளையும் நீரில் இறக்கிவிட முடியாது. என் தமக்கையின் மகன் மாரிக்காலத்தில் மழைநீர் நிரம்பியிருந்த ஒரு கல்லுக்குழியில் மூழ்கி இறந்தான். உடன் போன சிறுவர்கள், கரையோரம் இடுப்பளவு தண்ணீர்தான் இருந்தது என்று சொல்லி அழுதார்கள். சுண்ணாம்புக்கல் அகழ்ந்த குழிக்குக் குளத்தைப் போலச் சரிவு கிடையாது. ஓர் அடி எடுத்து வைக்கும்வரை தரை இருக்கும், அடுத்த அடிக்கு இருக்காது. உயிர்காப்பாளர் நிற்கும் தடாகத்தைத் தவிர வேறெங்கும் என் பிள்ளைகளை நான் விடமாட்டேன்.

வடமராட்சியான்:
உங்கள் இழப்புக்கு முன்னால் வாதம் செய்ய எனக்கு மனம் வரவில்லை, அக்கா. ஆனாலும் கல்லுக்குழியையும் கசூரினாவையும் ஒன்றாக வைக்காதீர்கள். கசூரினாவில் நெடுந்தூரம் நடந்தாலும் தண்ணீர் மார்புக்கு மேல் ஏறாது. தெரிந்த நீரில் பெரியவர்களோடு நீந்திப் பழகிய பிள்ளை, தெரியாத குழியைக் கண்டால் தயங்கி நிற்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

புத்தூர்க் கமக்காரன்:
நீங்கள் இருவரும் பிள்ளையின் உயிரைப் பற்றிப் பேசுகிறீர்கள். நான் தண்ணீரின் உயிரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் பக்கத்தில் சுண்ணாம்புக்கல்லில் இயற்கையாக அமைந்த நிலாவரைக் கிணற்றில் குளிப்பதை வீரமாகக் காட்டும் காணொளிகள் கைபேசிகளில் சுற்றுகின்றன. எங்கள் குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றுகூட இல்லை. மழை சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கிறது. நிலாவரையின் மேற்பகுதி நன்னீராகவும் அடிப்பகுதி உப்பாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். மண் வடிகட்டுவது போலக் கல்வெடிப்பு எதையும் வடிகட்டாது. சவர்க்காரமும் எண்ணெயும் அந்த வெடிப்புகளின் வழியே அயல் கிணறுகளுக்குப் பரவும். சுன்னாகத்தில் கிணறுகளில் எண்ணெய் மிதந்ததைப் பார்த்த பிறகும் இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளலாமா? நிலத்தடி நீர் வெளியே தெரியும் எந்த இடமும் நீச்சலிடம் ஆகக்கூடாது.

கேணியடி வாசி:
கீரிமலையையும் அந்தக் கணக்கில் சேர்க்கிறீர்களா, கமக்காரரே? அங்கே ஊற்று கேணியை நிரப்பிக் கடலுக்கு வழிந்து போகிறது, தேங்கி நிற்பதில்லை. எனக்குள்ள கவலை வேறு. ஆடி அமாவாசைக்குத் தகப்பனுக்குப் பிதிர்க்கடன் செலுத்த வருபவர் நீரில் நின்று கண்ணை மூடும் வேளையில், மதிலிலிருந்து இளைஞர்கள் பாய்ந்து அவர்மேல் தண்ணீரை வாரி இறைக்கிறார்கள். 1990 இல் போரால் இடம்பெயர்ந்த எங்கள் ஊரார் பல ஆண்டுகளாக அந்தக் கேணியைக் கண்ணால் காணவும் முடியாமல் இருந்தவர்கள். திரும்பி வந்தவர்களுக்கு அது வெறும் குளிக்கும் இடமன்று. நீந்துங்கள், தடுக்கவில்லை, ஆனால் விரத நாட்களை விட்டுவிடுங்கள், பாய்வதை நிறுத்துங்கள்.

சங்கானைத் தாய்:
இதுவரை எழுதிய எவரும் பெண்பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. கீரிமலையில் பெண்களுக்குத் தனிக்கேணி இருக்கிறது, உண்மைதான். ஆனால் அது நீராடுவதற்கு அமைந்தது, நீந்திப் பழகப் போதாது. கசூரினாவில் விடுமுறை நாட்களில் நிறைந்திருக்கும் கூட்டத்துக்கு நடுவே என் பதின்மூன்று வயது மகள் நீந்துவாளா? இறங்கினாலும் சுடிதாரோடுதான் இறங்குவாள். நனைந்த துணி காலைச் சுற்றி இழுக்கும்போது நன்றாக நீந்தத் தெரிந்தவளும் தடுமாறுவாள். கடல் எல்லோருக்கும் பொது என்று நீங்கள் எழுதும்போது, அந்த 'எல்லோரில்' என் மகள் இருக்கிறாளா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

வடமராட்சியான்:
நான் யோசிக்காமல் விட்ட இடம் இது. வல்வெட்டித்துறையில் ஆனந்தனின் பெயரில் ஒரு தடாகம் இருக்கிறது. மகளிருக்கென்று நேரம் ஒதுக்கி, பெண் பயிற்றுநரோடு முதற்பாடத்தை அப்படியொரு தடாகத்தில் தொடங்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். கிணறுகளைப் பற்றிக் கமக்காரர் சொன்னதையும் மறுக்கவில்லை. ஆனால் தடாகத்தோடு நிறுத்திவிடக் கூடாது. அலையும் காற்றும் அங்கே கிடையா. வாடை வீசும் ஐப்பசி முதல் தை வரை வடகரையில் இறங்கவே கூடாது. மாரியில் தொண்டைமானாற்றில் கடல்நீரேரியின் வான்கதவு திறக்கும்போது அந்தப் பக்கமே போகக்கூடாது. தென்மேற்கிலிருந்து சோளகம் வீசும் காலத்தில் வடகரைக் கடல் குளம்போலத் தெரியும், அதுதான் ஏமாற்றும். அப்போது காற்று தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால், காற்றடித்த ரியூப்பில் மிதக்கும் பிள்ளை நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே வெளியே போய்விடும். பங்குனியும் சித்திரையும்தான் பழக உகந்த காலம். இந்த அறிவைச் சிமெந்துத் தொட்டி கற்றுத்தராது.

சங்கானைத் தாய்:
ரியூப் பற்றி நீங்கள் எழுதியதை என் கணவருக்கு வாசித்துக் காட்டினேன். சென்ற ஆண்டு ஆனி மாதம் சாட்டிக்குப் போனபோது அதைத்தான் வாங்கிக் கொண்டுபோனோம். தடாகத்தில் ஓராண்டு பழகிய பிறகு, பங்குனியில், கூட்டமில்லாத காலை வேளையில் மகளைக் கடலுக்குக் கூட்டிப் போவதற்கு இப்போது எனக்கு மறுப்பில்லை. ஆனால் கல்லுக்குழி விடயத்தில் நான் ஒரு படியும் இறங்கமாட்டேன். கைவிடப்பட்ட குழிகளுக்கு வேலி அடைக்குமாறு பிரதேச சபையிடம் கொடுக்க ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறேன். அதில் நீங்கள் கையொப்பம் இடுவீர்களா?

வடமராட்சியான்:
இடுவேன், அக்கா. எங்கள் பக்கத்துக் குழிகள் இருக்கும் இடங்களையும் எழுதித் தருகிறேன். இரண்டு குழிகளைச் சுற்றிப் பற்றை வளர்ந்து மூடியிருக்கிறது, பார்வைக்குத் தெரியாது.