குனுங்கிடுலில் 30 சென்ட் மானாவாரி நிலம்: வாங்கலாமா?

ஜகார்த்தாவாசி கேட்டது:

வணக்கம். நான் இந்தியக் குடிமகன், மனைவி ஜாவாக்காரர், இந்தோனேசியக் குடிமகள். இருவரும் ஜகார்த்தாவில் வேலை பார்க்கிறோம், மனைவியின் கேடிபி என்ற குடிமக்கள் அடையாள அட்டையும் இந்த முகவரியில்தான். யோக்யாகர்த்தாவுக்குத் தென்கிழக்கே குனுங்கிடுல் மாவட்டத்தில், கடற்கரைச் சாலையிலிருந்து 4 கி.மீ. உள்ளே, 1,200 சதுர மீட்டர் தெகாலான் (மானாவாரி நிலம்) 30 கோடி ரூபியாவுக்கு வருகிறது. சான்றிதழ் கிடையாது, 'லெட்டர் சே' மட்டும்தான், அதுவும் இறந்துபோன தாத்தா பெயரில். விற்பவர் ஐந்து வாரிசுகளில் ஒருவர்.

யார் பெயரில் வாங்குவது? வீடு கட்டினால் அங்கே வாழ முடியுமா? பத்து வருடம் கழித்து விற்றால் விலை போகுமா?

---

பத்திரக்கட்டு பதில்:

சார், இப்போதைக்கு முன்பணம் ஒரு ரூபியாகூடக் கொடுக்காதீர்கள்.

முதலில் பெயர். 1960-இன் நிலச் சட்டம் (5-ஆம் எண்) ஹக் மிலிக் என்ற முழு உரிமையை இந்தோனேசியக் குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது. வெளிநாட்டவர் இன்னொருவர் பெயரில் பினாமியாக வாங்கினால் 26-ஆம் பிரிவுப்படி அந்தக் கிரயம் செல்லாது, நிலம் அரசுக்குப் போகும், கொடுத்த பணத்தையும் திருப்பிக் கேட்க முடியாது. வெளிநாட்டவருக்கென்று ஹக் பகாய் (பயன்பாட்டு உரிமை) இருக்கிறது, முதலில் 30, நீட்டிப்பு 20, புதுப்பிப்பு 30 என்று மொத்தம் 80 ஆண்டு. ஆனால் அதற்கு மாநிலவாரியாகக் குறைந்தபட்ச வீட்டு விலை வைத்திருக்கிறார்கள், கிராமத்து வீடு அந்த உயரத்தைத் தொடாது.

ஆகவே மனைவி பெயர்தான் வழி. அதிலும் ஒரு முடிச்சு உண்டு. சொத்துப் பிரிவு ஒப்பந்தம் இல்லாத கல்யாணத்தில் வாங்குவதெல்லாம் இருவருக்கும் பொதுச் சொத்து, அப்படியானால் பாதி ஒரு வெளிநாட்டவருடையது ஆகிவிடும். முன்பு கல்யாணத்துக்கு முன்னால்தான் இந்த ஒப்பந்தம் போட முடியும். அரசியல் சாசன நீதிமன்றத்தின் 69/PUU-XIII/2015 தீர்ப்புக்குப் பிறகு, கல்யாணம் ஆனபின்னும் போடலாம். நோட்டரியிடம் எழுதி, திருமணம் பதிவான அலுவலகத்தில் (முஸ்லிம் என்றால் கேயுஆ என்ற சமய அலுவலகம், மற்றவர்க்கு துக்சாபில் என்ற குடிமைப் பதிவு அலுவலகம்) குறிப்பு ஏற்ற வேண்டும். கிரயப் பத்திரத்துக்கு முந்தைய தேதியில் அது முடிந்திருக்க வேண்டும்.

மனைவி உங்களுக்கு முன்னால் காலமானால், வாரிசாக வரும் நிலத்தை நீங்கள் ஓராண்டுக்குள் ஒரு குடிமகனுக்கு மாற்றியாக வேண்டும். உயில் எழுதும்போது இது நினைவிருக்கட்டும்.

அடுத்து லெட்டர் சே. நம் ஊரில் கிராம நிர்வாக அலுவலர் வைத்திருக்கும் 'அ' பதிவேடு மாதிரி ஒன்று, வரிக்காக எழுதியது. அதைப் பட்டா என்று நினைத்துவிடாதீர்கள். 2021-இன் 18-ஆம் அரசு விதி இந்தப் பழைய காகிதங்களைப் பதிவு செய்ய ஐந்தாண்டு கெடு வைத்தது, கெடு நாள் 2026 பிப்ரவரி 2. அதற்குப் பின் அவை உரிமைச் சான்று ஆகாது, பதிவுக்கு ஒரு தடயம் மட்டும்.

வேலை நடக்க வேண்டிய வரிசை இது. ஐந்து வாரிசுகளும் கையெழுத்திட்ட வாரிசுச் சான்று, பிறகு பாகப்பிரிவினை. (ஐவரில் ஒருவர் சுமாத்ராவின் லாம்புங்குக்குக் குடிபெயர்ந்து முகவரி தெரியாமல் போவது இங்கே சகஜம். அந்த ஒரு கையெழுத்துக்காகவே கோப்புகள் வருடக்கணக்கில் தூங்கும்.) அடுத்து கலுராஹான் (கிராம நிர்வாக) அலுவலகத்தில் சாரிக் என்ற ஊர்ச் செயலரிடமிருந்து லெட்டர் சே நகலும், தகராறு இல்லை என்ற கடிதமும், அனுபவ உரிமை வாக்குமூலமும். நான்கு மூலையிலும் கல் நட்டு, எல்லைக்காரர்கள் எல்லாரையும் கூட்டி வந்து கையெழுத்து வாங்குங்கள். அதன்பின் நில அலுவலகத்தின் அளவை, 30 நாள் பொது அறிவிப்பு, சான்றிதழ். அந்த ஊருக்கு பெதேஎஸ்எல் என்ற கூட்டுப் பதிவுத் திட்டம் வந்தால் ஜாவாவில் ஆயத்தச் செலவுக்கு உச்சவரம்பு 1,50,000 ரூபியாதான். வருமா என்று சாரிக்கிடம் கேளுங்கள்.

இதெல்லாம் விற்பவர் முடித்துத் தர வேண்டியது. சான்றிதழ் வந்தபின் பெபெஆதே (கிரயம் எழுத அதிகாரம் பெற்றவர்) முன் அக்தா ஜுவால் பெலி என்ற கிரயப் பத்திரம் எழுதுங்கள். 30 கோடிக்குக் கணக்கு: வரிவிலக்கு 8 கோடி என்றால் மீதி 22 கோடிக்கு 5 சதவீதம், 1.1 கோடி, வாங்குபவர் கட்டுவது. விற்பவருக்கு 2.5 சதவீதம், 75 லட்சம். எழுதுகூலி 1 சதவீதத்துக்கு மேல் கேட்கக் கூடாது.

இன்னொன்று, பலர் கோட்டைவிடுவது. 1961-இன் 224-ஆம் விதிப்படி, விவசாய நிலத்தின் சொந்தக்காரர் அந்த வட்டாரத்திலேயே குடியிருக்க வேண்டும். ஜகார்த்தா கேடிபியோடு தெகாலான் வாங்கப் போனால் பத்திரம் அங்கேயே நின்றுவிடும்.

---

சுண்ணாம்புமேடு பதில்:

காகிதம் சரியானாலும் நிலம் சரியா என்று பார்க்க வேண்டும். குனுங்கிடுலின் தெற்குப் பகுதி முழுக்க குனுங் செவு சுண்ணாம்புக் குன்றுகள். மழை பெய்த கையோடு தண்ணீர் பூமிக்குள் போய்விடும், ஆறு ஓடுவதும் நிலத்துக்கு அடியில்தான். ஆழ்துளைக் கிணறு போடலாம் என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். 100 மீட்டர் தோண்டியும் வெற்றுப் பாறை வரலாம், பத்தடி தள்ளித் தோண்டினால் தண்ணீர் வரலாம். செலவு மட்டும் இரண்டுக்கும் ஒன்றுதான்.

மழைநீர்த் தொட்டியை வீட்டுச் செலவிலேயே சேர்த்துவிடுங்கள். நாலு பேர், ஆளுக்கு 60 லிட்டர், 150 நாள் கோடை: 36,000 லிட்டர். உள்ளளவு 3 x 4 x 3 மீட்டர் தொட்டி அதற்குச் சரியாக இருக்கும். 80 சதுர மீட்டர் ஓட்டுக் கூரையில் 1 மி.மீ. மழைக்கு 80 லிட்டர் விழும், ஐந்தில் ஒரு பங்கு வீண் என்றால் 64. சுமார் 560 மி.மீ. மழையில் தொட்டி நிரம்பும், பருவமழை பாதியில் இருக்கும்போதே. முதல் மழையை வெளியே விட ஒரு திறப்பு, மேலே கொசுவலை. வலை இல்லாத தொட்டி டெங்குப் பண்ணை. தொட்டி இல்லாவிட்டால் 5,000 லிட்டர் லாரியை ஒரு கோடைக்கு ஏழெட்டு முறை கூப்பிட வேண்டும், ஒற்றையடிப் பாதையில் லாரி வருமா என்பது வேறு.

குன்றுகளுக்கு நடுவே சமதளமாக, செம்மண் ஆழமாக இருக்கும் இடம் கண்ணுக்கு அழகாகத்தான் இருக்கும். வீடு கட்ட அதைத் தேர்ந்தெடுக்காதீர்கள், அது கிண்ணத்தின் அடிப்பாகம். 2017 நவம்பர் செம்பாக்கா புயலில் இப்படிப்பட்ட பள்ளங்கள்தான் குளமாயின. வடிகால் துவாரம் மண்ணால் அடைபட்டால் தண்ணீர் நாள்கணக்கில் நிற்கும். சரிவின் நடுப்பகுதிதான் நல்லது. கழிவுநீர்த் தொட்டியை அடிப்புறம் கான்கிரீட் போட்டு மூடிக் கட்டுங்கள். சுண்ணாம்புப் பாறை எதையும் வடிகட்டாது, நீங்கள் விடுவது அப்படியே அடுத்த ஊர் ஊற்றில் வரும்.

2006 மே 27 நிலநடுக்கத்தில் பக்கத்து பந்துல் மாவட்டத்தில் உயிர்களைக் குடித்தவை பெரும்பாலும் தூண் இல்லாத செங்கல் வீடுகள். மேஸ்திரியிடம் சொல்ல வேண்டியது: தூண் 15 x 15 செ.மீ., 10 மி.மீ. கம்பி நான்கு, 8 மி.மீ. வளையம் 15 செ.மீ.க்கு ஒன்று. வளையத்தின் நுனி 135 பாகை உள்நோக்கி மடிய வேண்டும், 90 பாகையில் விட்டால் குலுக்கலில் திறந்துகொள்ளும். கான்கிரீட் கலவை (சிமென்ட், மணல், ஜல்லி) 1:2:3. ஆறு வரிசைச் செங்கலுக்கு ஒருமுறை தூணிலிருந்து 40 செ.மீ. கம்பி சுவருக்குள் போக வேண்டும். இந்த ஆறு வரிசைக் கம்பியைத்தான் மேஸ்திரிகள் மறப்பார்கள், பூச்சுக்கு முன்னால் நேரில் நின்று எண்ணுங்கள்.

மின்சாரம் 900 விஏ போதாது. பம்பும் ரைஸ் குக்கரும் ஒன்றாக ஓடினால் விழும். 2,200 வாங்குங்கள்.

---

வாரக்குத்தகை பதில்:

வருமானம் பற்றி யாரும் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன். இந்த மண்ணில் மரவள்ளி, நிலக்கடலை, சோளம், வரப்பில் தேக்கு. வெளியூரில் இருந்தால் வாரத்துக்குத்தான் விட முடியும், 'மாரோ' என்பார்கள், பாதிக்குப் பாதி. 1,200 சதுர மீட்டரில் உங்கள் பாதி கைச்செலவுக்குக்கூட வராது. குன்றோரம் என்றால் குரங்குகளும் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளும். நிலம் ஏற்கெனவே ஒத்தியில் (காடாய்) இருக்கிறதா என்றும் பக்கத்து வயல்காரரைக் கேளுங்கள். ஏழாண்டு தாண்டிய ஒத்தியைப் பணம் கொடுக்காமலே மீட்கலாம் என்று 1960-லேயே சட்டம் வந்துவிட்டது, ஆனாலும் பல ஊர்களில் பழைய வழக்கம்தான்.

தங்கும் விடுதியாக விடலாம் என்று எண்ணம் இருந்தால்: 4 கி.மீ. உள்ளே என்பது கடல் தெரியாத 4 கி.மீ. கூட்டம் லெபாரான் (ரம்ஜான்) விடுமுறையிலும் டிசம்பர் கடைசியிலும் வரும், மற்ற நாளில் பகலில் வந்து மாலையில் யோக்யாவுக்குத் திரும்பிவிடும்.

விற்பனைதான் உங்கள் மூன்றாவது கேள்வி. உங்களிடமிருந்து வாங்கக்கூடியவர் யார் என்று எண்ணிப் பாருங்கள். வெளிநாட்டவர் முடியாது. தெகாலானாகவே இருந்தால் வெளி வட்டாரக்காரர் முடியாது. யோக்யாகர்த்தாவில் மட்டும் 1975-இன் ஓர் உத்தரவு இருக்கிறது, பூர்வகுடி அல்லாதவராகக் கருதப்படும் குடிமக்களுக்கு அங்கே ஹக் மிலிக் தருவதில்லை, ஆகவே காசுள்ள சீன வம்சாவளி வணிகர்களும் கழிந்தார்கள். மிச்சம் உள்ளூர்க்காரர். மாவட்டத்தின் குறைந்தபட்சக் கூலி 2025-இல் மாதம் சுமார் 23.3 லட்சம் ரூபியா. 30 கோடி என்பது அவருக்குப் பத்தாண்டுக்கு மேற்பட்ட முழுச் சம்பளம். லாபத்துக்கு என்றால் வேண்டாம், குடியிருக்க என்றால் யோசிக்கலாம்.

குடியிருப்பதற்கும் ஒரு செலவுக் கணக்கு உண்டு. நியும்பாங் என்பது நம் மொய்யேதான். கல்யாண சீசனில் வாரத்துக்கு இரண்டு மூன்று வரும், எழுதியும் வைப்பார்கள். பெண்கள் ரெவாங்குக்கு, அதாவது விசேஷ வீட்டில் சமைத்துக் கொடுக்க, போக வேண்டும். இரவுக் காவல் முறை, அறுவடைக்குப் பின் ரசூலான் என்ற ஊர்த் திருவிழாவுக்கு வரி, கூட்டு வேலை. இழவு வீட்டுக்குப் போகாதவர் வீட்டுக்கு ஆத்திரம் அவசரத்தில் ஆள் வராது. பிராண்டு என்று நோய்ப்பட்ட மாட்டை அறுத்துப் பங்கு வைக்கும் வழக்கத்தில் மட்டும் சேராதீர்கள், 2023-இல் செமானுவில் ஆந்த்ராக்ஸ் பரவியது அதனால்தான். இறைச்சியை வாங்காமல் பங்குக் காசை மட்டும் கொடுத்தால் யாரும் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

---

ஜகார்த்தாவாசி:

எல்லோருக்கும் நன்றி. மனைவி கேடிபியை அங்கே மாற்றலாம் என்கிறார். அதுவரை அதே ஊரில் கலுராஹானின் பொது நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துச் சிறு வீடு கட்டலாமா? கலுராஹான் அலுவலகத்திலேயே ஒருவர் சொன்னார்.

---

பத்திரக்கட்டு:

கூடாது. பொது நிலக் குத்தகைக்கு ஆளுநரின் எழுத்து அனுமதி வேண்டும், அதில் குடியிருப்பு வீடு கட்ட உங்களுக்கு அனுமதி கிடைக்காது. சொன்னவர் யாராக இருந்தாலும் சரி. கடற்கரைப் பக்கம் 'சுல்தான் நிலம்' (யோக்யாகர்த்தா அரண்மனையின் நிலம்) என்று காட்டினாலும் இதே பதில்தான், அது விற்பனைக்கு உரியதல்ல.

பகராங்கான் என்ற மனைக்கட்டில் சான்றிதழுடன் இருக்கும் ஒரு பழைய வீட்டை, உரிமையாளரிடமே இரண்டு வருட வாடகைக்கு நோட்டரி ஒப்பந்தத்தில் எடுங்கள். இரண்டு கோடையும் ஒரு முழு மழைக்காலமும் பார்த்துவிடலாம். அதற்குள் லாம்புங் கையெழுத்தும் வருகிறதா என்று தெரிந்துவிடும்.