உப்புக்காற்றில் நிற்கப்போகும் வேலை மேசை: ஃபிரேம், மேற்பலகை, பேனல் எதில் செய்வது?

பட்டறைப்புதுசு கேட்டது:

கூரை இல்லாத இடத்தில் நிரந்தரமாக ஒரு வேலை மேசை போட வேண்டும். நீளம் 2.4 மீட்டர், அகலம் 75 செ.மீ., உயரம் 90 செ.மீ. ஒரு பாதியில் வெல்டிங், கிரைண்டிங். மறு பாதியில் அளவெடுப்பது, பாகம் பிரித்துக் கழுவுவது. 6 அங்குல வைஸ் ஒன்று உண்டு. பக்கத்திலேயே 3 எச்பி பம்ப் செட், அதற்கு ஸ்டார்ட்டர் பேனல்.

கடல் 2 கிலோமீட்டருக்குள். பகல் முழுக்க நேர் வெயில், மழைக்காலத்தில் நாள்கணக்கில் ஈரம். இப்போது யோசனையில் இருப்பவை:

1. எம்.எஸ். (சாதாரண இரும்பு) ஸ்கொயர் ட்யூப், மேலே எப்பாக்சி பெயின்ட்
2. ஹாட் டிப் கால்வனைசிங் (துத்தநாகப் பூச்சு)
3. மொத்தமும் எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) 304

மேற்பலகைக்கு எஸ்.எஸ். தகடு, தேக்கு, எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக் பலகை) மூன்றில் எது? போல்ட் நட்டு எதில் வாங்குவது?

---

துத்தநாகம்:

ஃபிரேமுக்கு இரண்டாவதுதான். ஆனால் "கால்வனைஸ்" என்ற ஒரே பெயரில் நாலு விதமான சரக்கு விற்கிறது. பூச்சு எத்தனை மைக்ரான் (மி.மீ.யில் ஆயிரத்தில் ஒரு பங்கு) என்று கேட்காமல் வாங்காதீர்கள்.

ஃபிரேமைச் செய்து முடித்தபின் உருகிய துத்தநாகத்தில் (சுமார் 450 டிகிரி) முக்கி எடுப்பதுதான் ஹாட் டிப். ஐஎஸ்ஓ 1461 தரப்படி 3 முதல் 6 மி.மீ. தடிமனுள்ள இரும்பில் சராசரி 70 மைக்ரான் பூச்சு ஏறியிருக்க வேண்டும். 6 மி.மீ.க்கு மேல் 85 மைக்ரான், 1.5 முதல் 3 மி.மீ. வரை 55. பூச்சுடனேயே வரும் ஜி.ஐ. ட்யூப் வேறு சரக்கு. இசட் 275 என்று போட்டிருந்தால் ஒரு பக்கத்துக்குச் சுமார் 20 மைக்ரான்தான், அதுவும் வெல்டிங் வைத்த இடத்தில் எரிந்து போய்விடும். எலக்ட்ரோ பிளேட்டிங் செய்து பளபளக்கும் போல்ட்டில் இருப்பது 5 முதல் 12 மைக்ரான். டப்பாவில் வரும் துத்தநாக ஸ்பிரே வெறும் பெயின்ட். வெட்டிய முனையைத் தொட்டுவிட மட்டும் உதவும்.

ஐஎஸ்ஓ 9223 தரம் அரிப்புச் சூழலை சி1 முதல் சி5, அதற்கும் மேல் சிஎக்ஸ் என்று பிரிக்கிறது. சி4 சூழலில் துத்தநாகம் ஆண்டுக்கு 2.1 முதல் 4.2 மைக்ரான் வரை கரையும், சி5இல் 4.2 முதல் 8.4 வரை. உங்கள் இடத்தை சி4 என்று எடுத்தால் 70 மைக்ரான் 16 முதல் 33 ஆண்டு தாங்கும். அலைத்தூறல் நேரடியாக வந்து படிகிற இடமென்றால் சி5 என்று கணக்குப் போடுங்கள், ஆயுள் பாதியாகிவிடும். 8 மைக்ரான் போல்ட்டுக்கு சி4இலேயே 2 முதல் 4 ஆண்டுதான். இப்போது தெரிகிறதா, மேசை நன்றாயிருக்கும்போதே போல்ட் மட்டும் ஏன் முதலில் போகிறது என்று.

தொட்டிக்கு அனுப்புமுன்:

- ட்யூப்பின் இரு முனையையும் அடைத்து வெல்டிங் செய்தால் உள்ளே மாட்டிய காற்றும் ஈரமும் சூட்டில் விரிந்து தொட்டியிலேயே வெடிக்கும். 50×50 ட்யூப்புக்கு ஒவ்வொரு முனையிலும் 12 மி.மீ. துளை, எதிரெதிர் மூலையில். அந்தத் துளை வழியாகத்தான் உள்பக்கமும் பூச்சு ஏறுகிறது, பிறகு மழைநீர் வடிவதும் அதே வழிதான். அழகுக்காக பிளாஸ்டிக் மூடி போட்டு அடைத்துவிடாதீர்கள்.
- ஒன்றன்மேல் ஒன்று படியும் தகடுகளை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முக்குமுன் துரு நீக்கும் அமிலம் இடுக்கில் புகுந்து மாதக்கணக்கில் பழுப்பாகக் கசியும்.
- வைஸ் துளை, பேனல் கிளாம்ப் துளை, மேற்பலகைத் துளை எல்லாம் முக்குவதற்கு முன்பே. பூச்சின் தடிமனுக்காக துளையை 1 மி.மீ. பெரிதாக விடுங்கள்.

கால்: பேஸ் பிளேட் நேராகத் தரையில் உட்காரக் கூடாது. கீழே 25 மி.மீ. கிரவுட் (சிமென்ட் கலவை), அதன் மேற்பரப்பு வெளிப்பக்கம் சரிந்திருக்கட்டும். மேசை எதிலிருந்தாலும் தண்ணீர் தேங்குகிற அந்த ஒரு அங்குலத்தில்தான் அழிவு தொடங்கும். எனக்குக் கேட்டால் ட்யூப்பைவிட ஆங்கிள், சேனல் மேல். உள்ளே ஒளிந்து அரிக்க இடமே இல்லை.

---

சம்மட்டி316:

மூன்றாவது யோசனையைக் கைவிடுங்கள். 304இல் குரோமியம் 18, நிக்கல் 8 சதவீதம் இருந்தாலும் மாலிப்டினம் கிடையாது. கடல் உப்பு படிந்தால் டீ சிந்திய மாதிரி பழுப்புக் கறை வரும், இடுக்குகளில் குழி விழும். 316இல் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் உண்டு, அது தாங்கும். அதுவும் சொரசொரப்பான ஃபினிஷ் என்றால் உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேற்பரப்புச் சொரசொரப்பு 0.5 மைக்ரானுக்குக் கீழே இருந்தால் கறை வெகுவாகக் குறையும்.

இதைவிடப் பெரிய சிக்கல் உங்கள் கிரைண்டிங்தான். அதே மேசையில் எம்.எஸ். அறுத்தால் இரும்புத் தூள் சூடாகப் பறந்து எஸ்.எஸ். மேல் ஒட்டும், ஒரு மழையில் முழுக்கத் துருப்புள்ளி. எஸ்.எஸ். துருப்பிடித்துவிட்டது என்று வரும் புகார்களில் இந்த வகை ரொம்ப அதிகம்.

போல்ட் நட்டுக்கு மட்டும் 316 போடுங்கள், தலையில் ஏ4-70 என்று பொறித்திருக்கும். கால்வனைஸ் ஃபிரேமில் எஸ்.எஸ். போல்ட் போடலாமா என்று பயப்பட வேண்டாம். அரியக்கூடிய துத்தநாகப் பரப்பு பெரிது, போல்ட் சிறிது. பாதிப்பு பரவிக் கரைந்துபோகும். தலைகீழாகச் செய்தால்தான் வம்பு: பெரிய எஸ்.எஸ். தகட்டில் கால்வனைஸ் போல்ட் போட்டால் முழுச் சுமையும் அந்தச் சின்ன போல்ட் மேல் விழுந்து சீக்கிரம் கரையும். அலுமினியத்தோடு எஸ்.எஸ். சேரும் இடத்தில் நைலான் வாஷரும் ஸ்லீவும் கட்டாயம். செம்பையும் அலுமினியத்தையும் ஈரத்தில் தொடவே விடாதீர்கள்.

எஸ்.எஸ். நட்டை ஏர் கன்னால் வேகமாக முறுக்கினால் மரை உரசி ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளும், பிறகு அறுத்துத்தான் எடுக்கணும். கையால் மெதுவாக, மரையில் நிக்கல் கலந்த ஆன்ட்டி-சீஸ் (மரை பிடிக்காமல் தடுக்கும் பசை) தடவி முறுக்குங்கள்.

---

மேசைமேல்:

மேற்பலகையை ஒரே பொருளில் போட நினைப்பதால்தான் குழப்பம். இரண்டாகப் பிரித்துவிடுங்கள்.

*வெல்டிங் பாதி:* பூச்சே இல்லாத 12 மி.மீ. எம்.எஸ். பிளேட். துருப்பிடிக்கும், பிடிக்கட்டும். 12 மி.மீ.யில் மேலோட்டத் துரு ஒன்றும் செய்யாது. வேலை முடிந்ததும் எண்ணெய்த் துணியால் ஒரு துடைப்பு போதும். 1.2 × 0.75 மீட்டருக்குச் சுமார் 85 கிலோ வரும், அதனால் இரண்டு துண்டாக வாங்கி ஃபிரேம் மேல் சும்மா வையுங்கள், நகராமல் இருக்க கீழே தடுப்பு மட்டும். நடுவில் 3 மி.மீ. இடைவெளி. கால்வனைஸ் தகட்டை இங்கே போடவே போடாதீர்கள். துத்தநாகம் 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகை மூச்சில் போனால் அன்றிரவே குளிர்காய்ச்சல் வரும்.

எர்த் கிளாம்ப் அந்த பிளேட்டிலோ வேலைப் பொருளிலோ நேராகக் கடிக்க வேண்டும், ஃபிரேமில் அல்ல. ஃபிரேமும் பம்ப்பும் ஒரே பேஸில் நின்றால் வெல்டிங் கரன்ட் பம்ப் பேரிங் வழியாகத் திரும்பி பால்களில் குழி போட்டுவிடும்.

*கழுவும் பாதி:* எச்டிபிஇ நல்ல தேர்வு, டீசல், கிரீஸ், சோப்பு எதற்கும் அசராது. கறுப்பு நிறம் வாங்குங்கள். 2 முதல் 2.5 சதவீதம் கார்பன் பிளாக் கலந்ததுதான் வெயிலுக்கு நிற்கும். வெள்ளைப் பலகையில் புற ஊதாத் தடுப்பு சேர்க்காவிட்டால் வெளுத்து நொறுங்கும். பலரும் தவறவிடுவது விரிவு. 1.2 மீட்டர் பலகை 40 டிகிரி ஏற்றத்தில் கிட்டத்தட்ட 7 மி.மீ. நீளும். அடியில் இருக்கும் இரும்பு 0.6 மி.மீ. சுமாரில்தான் நீளும். நாலு மூலையிலும் இறுக்கி போல்ட் போட்டால் மத்தியானம் நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். ஒரு மூலையில் மட்டும் வட்டத் துளை, மற்ற இடங்களில் நீளத் துளை, பெரிய வாஷர், இறுக்கிய பின் கால் சுற்று தளர்வு. 20 மி.மீ. பலகைக்கு 30 செ.மீ.க்கு ஒரு குறுக்குச் சட்டம், இல்லையென்றால் சூட்டில் மெல்ல மெல்லத் தொய்யும். 130 டிகிரி சுமாரில் உருகிவிடும் என்பதால் இரண்டு பாதிக்கும் நடுவில் 40 செ.மீ. உயரத் தடுப்புத் தகடு வேண்டும்.

தேக்கு என்றால் வைரப்பகுதி (நடுமரம்) மட்டும், வெண்பலகை (வெளிப்பக்க வெளிர்மரம்) எத்தனை எண்ணெய் குடித்தாலும் உளுத்துவிடும். 40 மி.மீ. சட்டங்கள், இடையில் 6 மி.மீ. வார்னிஷ் வேண்டாம்: வெயிலில் வெடித்து, வெடிப்பு வழியாகப் புகுந்த தண்ணீரை உள்ளேயே வைத்துக்கொள்ளும். எண்ணெய் மட்டும் போதும், அறுத்த முனைகளுக்கு இரண்டு மடங்கு. மரைன் பிளைவுட்டின் பசைதான் தண்ணீருக்குப் பிரியாது, மரம் அழுகாது என்று அதற்குப் பொருள் இல்லை. ஓரங்களை எப்பாக்சியால் அடைக்காவிட்டால் அடுக்கடுக்காக ஊதும்.

---

பட்டறைப்புதுசு:

விளக்கத்துக்கு நன்றி. ஒரு சிக்கல்: ஃபிரேமை முழுதாக முக்குகிற அளவு தொட்டி பக்கத்தில் இல்லை என்றால்? பெயின்ட்டில் எதுவரை நம்பலாம்? பேனல் பற்றி யாரும் சொல்லவில்லையே.

---

துத்தநாகம்:

இரண்டு முனைச்சட்டமும் நீளக் கம்பிகளுமாகப் பிரித்து போல்ட் வைத்து மாட்டும்படி செய்யுங்கள், தொட்டி அளவுப் பிரச்சினை தீர்ந்தது. முக்கிய பாகங்களை ஈரமாக ஒன்றன்மேல் ஒன்று அடுக்க விடாதீர்கள், வெள்ளைத் துரு பூக்கும். இடையில் கட்டை வைத்துக் காற்றோட்டம் விட வேண்டும்.

---

கோட்டிங்கார்:

பெயின்ட்டை நம்பலாம், தயாரிப்பை ஒழுங்காகச் செய்தால். கடலோரத்துக்கு வழக்கமான அடுக்கு: ஜிங்க் ரிச் எப்பாக்சி பிரைமர் 60 மைக்ரான், அதன்மேல் எம்ஐஓ (தட்டையான இரும்பு ஆக்சைடு துகள் கலந்த) எப்பாக்சி 120 முதல் 150, கடைசியில் பாலியூரித்தேன் 60. எப்பாக்சியோடு நிறுத்திவிட்டால் வெயிலில் சுண்ணாம்பு மாதிரி பொடி உதிரும், அதனால்தான் மேலே பாலியூரித்தேன்.

ஜிங்க் ரிச் வேலை செய்வது அதன் துகள் வெற்று இரும்பைத் தொட்டால் மட்டுமே. அதற்கு பிளாஸ்டிங் (துகள்களை வேகமாக அடித்துச் சுத்தம் செய்வது) செய்து எஸ்ஏ 2½ தரம் (கிட்டத்தட்ட வெற்று இரும்பு) வர வேண்டும். கம்பி பிரஷ், கிரைண்டர் மட்டும்தான் கையிலிருக்கிறது என்றால் ஜிங்க் ரிச்சில் காசைப் போடாதீர்கள். சர்ஃபேஸ் டாலரன்ட் (முழுச் சுத்தமில்லாத பரப்பிலும் ஒட்டும்) எப்பாக்சி மாஸ்டிக் இரண்டு கோட், ஒவ்வொன்றும் 125 மைக்ரான், பிறகு பாலியூரித்தேன்.

எப்படியானாலும் முதல் வேலை நல்ல தண்ணீரில் கழுவுவது. உப்பு கண்ணுக்குத் தெரியாமல் இரும்பில் இருக்கும். அதன்மேல் பெயின்ட் அடித்தால் உப்பு ஈரத்தை உள்ளே இழுத்துக் கொப்புளம் கொப்புளமாகக் கிளப்பும். அடிக்கும்போது இரும்பின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) குறைந்தது 3 டிகிரி அதிகமாகவும், காற்றின் ஈரப்பதம் 85 சதவீதத்துக்குக் கீழாகவும் இருக்க வேண்டும். கடலோரத்தில் அதிகாலையில் பெயின்ட் ஆரம்பிக்கிறவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

கூர்விளிம்பில் பெயின்ட் நிற்காது, சுருங்கி விலகி மெலிந்துவிடும். ஆங்கிள் விளிம்பை 2 மி.மீ. ஆரத்துக்கு மழுக்கி, வெல்டிங் தையலுக்கும் விளிம்புக்கும் பிரஷ்ஷால் தனியாக ஒரு கோட் கொடுத்த பிறகே முழுக் கோட்.

கால்வனைஸ் மேல் நிறம் வேண்டுமென்றால் சாதாரண எனாமல் ஆகாது. துத்தநாகத்தோடு வினைபுரிந்து சோப்பாகி, தோல் தோலாக உரியும். லேசாக ஸ்வீப் பிளாஸ்ட் செய்து எப்பாக்சி பிரைமர் போடணும்.

---

பேனல்வயர்:

பேனலுக்கு ஐபி 66 (தூசும் பீய்ச்சும் தண்ணீரும் புகாத தரம்) போதும். ஆனால் அந்த எண் உள்ளே வியர்க்காது என்பதற்கான உத்தரவாதம் அல்ல. வெயிலில் உள்ளே காற்று விரிந்து வெளியேறும். சட்டென்று மழை பெய்து குளிரும்போது உள்ளே அழுத்தம் குறைந்து, கேஸ்கெட் (மூடியை அடைக்கும் ரப்பர்) இடுக்கு வழியாக ஈரக்காற்றையும் தண்ணீரையும் உறிஞ்சும். தினம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து கான்டாக்டரில் (மோட்டாருக்கு மின்சாரம் இணைக்கும் சுவிட்ச்) பச்சை படியும். மருந்து எளிது: அடித்தளத்தில் பிரீத்தர் டிரெயின் (காற்று போய்வரவும் தண்ணீர் வடியவும் வழிவிடும் அடைப்பான்) ஒன்று. ஒரே ஒரு விஷயம், அதன் ஐபி எண் பேனலின் எண்ணுக்குக் குறையக் கூடாது.

கேபிள் நுழைவு கீழிருந்து மட்டும், கிளாண்டுக்கு (கேபிள் நுழையும் இறுக்கிக்கு) முன் கேபிளை ஒரு வளைவாகத் தொங்கவிட்டால் வழிகிற தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும். மேலே 15 செ.மீ. முன்தள்ளிய சாய்வுத் தகடு வையுங்கள், மழையைவிட வெயிலுக்கு அது முக்கியம். பெட்டி கண்ணாடியிழை பாலியஸ்டரிலோ 316இலோ இருக்கட்டும். ஏபிஎஸ் வெயிலில் நொறுங்கும். கேஸ்கெட் ஈபிடிஎம் அல்லது சிலிகான். நைட்ரைல் ஓசோனில் வெடிக்கும். எண்ணெய் தெறிக்கிற இடத்தில் மட்டும் ஈபிடிஎம் ஊதிவிடும், அங்கே நியோப்ரீன். கேபிள் டை கறுப்பு, வெள்ளை நைலான் வெயிலில் பட்பட்டென்று அறும்.

மோட்டாரின் அடியில் இருக்கும் வடிகால் துளை உண்மையிலேயே கீழ்நோக்கி இருக்கிறதா பாருங்கள். பக்கவாட்டிலோ தலைகீழாகவோ மாட்டிய மோட்டாரில் அது மேலே போய் நிற்கும். தார்ப்பாயால் சுற்றி இறுக்கிக் கட்டுவது மூடாமல் விடுவதைவிட மோசம், தரை ஈரம் உள்ளேயே சுற்றும். அடிப்பக்கம் 20 செ.மீ. திறந்திருக்கட்டும்.

---

பட்டறைப்புதுசு:

வைஸ் மட்டும் பாக்கி. வார்ப்பிரும்பு, கம்பெனி பெயின்ட்டோடு வருகிறது. வேறெதுவும் செய்ய வேண்டுமா?

---

சம்மட்டி316:

சுழலும் பேஸ் உள்ள வைஸ் என்றால் அந்தக் குழிக்குள் தண்ணீர் தேங்கும். தாழ்வான இடத்தில் 6 மி.மீ. துளை ஒன்று போட்டு, மேற்பலகை வரை வழி விடுங்கள். வைஸுக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ரப்பர் ஷீட் வைக்காதீர்கள், ஓரத்தில் ஈரம் பிடித்து நிற்கும், சம்மட்டி அடியும் நிற்காது. 10 மி.மீ. கால்வனைஸ் பேக்கிங் பிளேட் போட்டு நேராக இறுக்கி, சுற்று விளிம்பை மட்டும் பாலியூரித்தேன் சீலன்ட்டால் அடைத்து, பின்பக்கம் 2 செ.மீ. திறந்து விடுங்கள். ஸ்குருவுக்கு கால்சியம் சல்ஃபோனேட் கிரீஸ், உப்புத் தண்ணீர் எளிதில் கழுவிவிடாது. ஸ்லைடுக்கு லானோலின் கலந்த ஆயில். விசிஐ பேப்பர் (துருத்தடுப்பு ஆவி விடும் காகிதம்) வாங்கிச் சுற்றாதீர்கள். மூடிய பெட்டிக்குள் மட்டுமே அதன் ஆவி வேலை செய்யும், திறந்தவெளியில் காற்றோடு போய்விடும்.

இன்னொன்று, மழை நனைக்கிற மேற்பக்கத்தைவிட மழை எட்டாத அடிப்பக்கத்தில்தான் உப்பு அதிகம் சேரும். மாதம் ஒரு தடவை ஹோஸ் பிடிக்கும்போது வைஸின் கீழ்த்தாடை, மேசையின் அடிச்சட்டம், பேனலின் பின்முதுகு மூன்றையும் நனையுங்கள்.