சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் இல்லையா? யார் சொன்னது?

நங்கநல்லூர் நிரலாளர்:
புது வீட்டுக்கு, கைப்பேசியாலேயே விளக்கைப் போட்டு அணைக்கும் ஸ்மார்ட் சுவிட்சுகளில் எந்த வைஃபை சுவிட்ச் வாங்கலாம் என்று ஒருவர் நேற்று கேட்டிருந்தார். திருச்சி வயர்மேன் ஐயா ஒரே வரியில் தீர்ப்பு எழுதிவிட்டார்: “தமிழ்நாட்டு வீடுகளில் சுவிட்ச் பெட்டிக்குள் நியூட்ரல் கிடையாது, ஸ்மார்ட் சுவிட்ச் வாங்குவது காசைக் கரியாக்கும் வேலை.” நியூட்ரல் என்றால் மின்சாரம் திரும்பிப் போகும் வயர்; விளக்கை அணைத்த பிறகும் வைஃபை சுவிட்ச் விழித்திருக்க அது வேண்டும். கேட்ட மனிதரும் நன்றி சொல்லிவிட்டு ஒதுங்கிவிட்டார். எனக்குத்தான் பொறுக்கவில்லை. எங்கள் கூடத்து போர்டைக் கழற்றிப் பார்த்தேன். சுவிட்சுகளின் தலையில் சிவப்பு வயர் ஒன்றிலிருந்து ஒன்றுக்கு லூப்பாகப் போகிறது. ஓரத்தில் ஐந்து ஆம்பியர் பிளக் பாயிண்ட், அதன் பின்னால் கொழுகொழுவென்று கருப்பு வயர். நியூட்ரல் இல்லாமல் என் கைப்பேசி சார்ஜர் எதில் ஓடுகிறதாம்?

திருச்சி வயர்மேன்:
கூடத்தில் இருக்கும். குளியலறைக்கு வெளியே ஒற்றை சுவிட்ச் பெட்டி இருக்கிறதே, அதைக் கழற்றினீர்களா? மாடிப்படி? பால்கனி? அங்கே பேஸ், அதாவது மின்சாரம் கொண்டுவரும் வயர், ஒன்று வரும், விளக்குக்கு ஒன்று போகும், அவ்வளவுதான். நியூட்ரல் நேராகக் கூரைக்குப் போய்விடும். ஒரு போர்டைத் திறந்துவிட்டுத் தமிழ்நாட்டையே திறந்ததுபோல் எழுத வேண்டாம்.

நங்கநல்லூர் நிரலாளர்:
நேற்று ‘கிடையாது’. இன்று ‘கூடத்தில் இருக்கும்’. நாளை என்ன ஐயா?

திருச்சி வயர்மேன்:
நாளையும் அதேதான். நான் வயர் இழுத்த வீடுகளில் எது எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். நீங்கள் நிரல் எழுதுங்கள்.

அரைகுறை ஆர்வலர்:
நியூட்ரல் தேவைப்படாத சுவிட்சுகளே விற்கின்றனவே? ஜிக்பீ என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் வயர்லெஸ் வகையில் கிடைக்கின்றன. ஏன் இந்தச் சண்டை?

திருச்சி வயர்மேன்:
கிடைக்கின்றன. விளக்கை அணைத்த பிறகும் அந்த சுவிட்ச் உயிரோடு இருக்க வேண்டுமே, மின்சாரம் எங்கிருந்து வரும்? விளக்கின் வழியாகவே துளி மின்சாரத்தை உறிஞ்சும். பழைய குண்டு பல்புக்கு அது உறைக்காது. ஒன்பது வாட் எல்இடி போட்டால் நடுராத்திரியில் மங்கலாக எரியும், அல்லது சிமிட்டும். அதற்கு, அந்தத் துளி மின்சாரத்தைத் தன் வழியாகக் கடத்திவிட, விளக்குக்கு இணையாக ஒரு கெப்பாசிட்டர் மாட்ட வேண்டும். ஏணி போட்டு மேலே ஏற நீங்கள் வருவீர்களா?

அரைகுறை ஆர்வலர்:
பெட்டியிலேயே அந்தச் சிறு கெப்பாசிட்டரையும் சேர்த்துத் தருகிறார்கள் ஐயா.

திருச்சி வயர்மேன்:
ஏணியையும் சேர்த்துத் தருகிறார்களா?

நங்கநல்லூர் நிரலாளர்:
அந்த வகை எனக்கும் பிடிக்காது. நியூட்ரலோடு இணைத்த ஜிக்பீ சுவிட்ச் பக்கத்து அறை சுவிட்சுக்கும் செய்தியைக் கடத்தும். நியூட்ரல் இல்லாதது பெரும்பாலும் கடத்தாது. வைஃபைக்கோ ஜிக்பீயைவிடப் பல மடங்கு மின்சாரம் வேண்டும். ஆகவே நியூட்ரல் உள்ள பெட்டியில் நியூட்ரலுள்ள சுவிட்ச். நம் வீடுகளில் சுவிட்சும் பிளக் பாயிண்டும் ஒரே போர்டில் இருப்பதால் நியூட்ரல் இருக்கிறது. இருக்கிறது. இருக்கிறது.

டல்லாஸ் தமிழன்:
இங்கே இந்தப் பிரச்சினையே இல்லை. அமெரிக்காவின் 2011 தேசிய மின்விதியிலேயே சுவிட்ச் பெட்டிக்கு நியூட்ரல் வர வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். ஊரில் இன்னும் பிளக் பாயிண்டைத் தடவிக்கொண்டு இருக்கிறீர்கள்.

அரைகுறை ஆர்வலர்:
விதி வருவதற்கு முன்பு கட்டிய வீடுகளில்? அதற்காகத்தானே நியூட்ரல் இல்லாத சுவிட்சுகள் உங்கள் ஊரில் இன்னும் சக்கைப்போடு போடுகின்றன. அந்த விதியில் விலக்குகளும் உண்டு. பிரிட்டன் வீடுகளில் பெரும்பாலும் நியூட்ரல் கூரையோடு நின்றுவிடுகிறது. அவர்களும் தடவுகிறார்களா?

டல்லாஸ் தமிழன்:
பிரிட்டனைப் பற்றி நான் பேசவில்லை.

திருச்சி வயர்மேன்:
120 வோல்ட்காரர்கள் கொஞ்சம் ஒதுங்குங்கள். தம்பி நங்கநல்லூர், அந்தக் கொழுகொழு கருப்பு வயர் யாருடையது என்று பார்த்தீர்களா? இன்வெர்ட்டர் வைத்த வீட்டில் விளக்கும் விசிறியும் இன்வெர்ட்டர் பேஸில் இருக்கும், பிளக் பாயிண்ட் மின்வாரிய பேஸில் இருக்கும். இரண்டுக்கும் தனித்தனி ஆர்.சி.சி.பி., அதாவது போன மின்சாரம் திரும்பாவிட்டால் தானே விழும் காப்பு சுவிட்ச், போட்டிருந்தால், ஒன்றின் பேஸையும் மற்றொன்றின் நியூட்ரலையும் சேர்த்து சுவிட்சுக்குக் கொடுத்ததும் மின்சாரம் போன வழியில் திரும்பாது. ஆர்.சி.சி.பி. கணக்குப் பார்க்கும், விழவும் கூடும். பெட்டிக்குள் கருப்பு வயர் இருப்பது வேறு, உங்கள் சுவிட்சுக்கான நியூட்ரல் இருப்பது வேறு.

நங்கநல்லூர் நிரலாளர்:
ஆகவே நியூட்ரல் இருக்கிறது என்கிறீர்கள்.

திருச்சி வயர்மேன்:
உங்களுக்கு இல்லை என்கிறேன்.

கோவைக் குடித்தனம்:
நாங்கள் வாடகை வீடு. போர்டில் கை வைத்தால் வீட்டுக்காரர் விடமாட்டார். பேட்டரியில் ஓடும் ஒட்டுச் சுவிட்சும் ஸ்மார்ட் பல்பும் போதாதா? சுவரில் உள்ள சுவிட்ச் எப்போதும் போட்டபடியே இருக்கட்டும்.

திருச்சி வயர்மேன்:
சுவிட்ச் பேசும் இடத்தில் பல்பு எதற்கு அம்மா?

கோவைக் குடித்தனம்:
விளக்கு எரிய வேண்டும் என்பதற்கு. நீங்கள் இருவரும் நியூட்ரலை வைத்துக்கொண்டு இருட்டில் உட்காருங்கள்.

நங்கநல்லூர் நிரலாளர்:
வீட்டுக்கு வருகிற மாமியார் பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் உங்கள் ஸ்மார்ட் பல்பு செத்த பல்பு. இது தெரிந்த விஷயம்தானே.

கோவைக் குடித்தனம்:
என் மாமியாரைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும்? அவர்தான் முதலில் பழகினார்.

பச்சைவிளக்கு:
எங்கள் எலக்ட்ரீஷியன் நியூட்ரல் இல்லாத பெட்டியில் பச்சை வயரில், அதாவது எர்த்தில், கொடுத்துவிட்டார். நன்றாக வேலை செய்கிறது. இவ்வளவு நீளப் பேச்சு தேவையில்லை.

திருச்சி வயர்மேன்:
முதலில் மெயினை அணையுங்கள். பிறகு அந்த ஆளைக் கூப்பிட்டுக் கழற்றச் சொல்லுங்கள். ஒரு சுவிட்ச் சில மில்லிஆம்பியர்தான் இழுக்கும், அதனால் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. இன்று விழாமல் இருக்கலாம். அந்த எர்த் எங்காவது அறுந்தால் அதே வயரில் இருக்கும் கிரைண்டர், பிரிட்ஜ் உடம்பெல்லாம் மின்சாரம் ஏறும்.

நங்கநல்லூர் நிரலாளர்:
எர்த் விஷயத்தில் ஐயா சொல்வது சரி. நியூட்ரல் விஷயத்தில் இல்லை.

பச்சைவிளக்கு:
எங்கள் ஆள் இருபது வருட அனுபவம் உள்ளவர்.

திருச்சி வயர்மேன்:
உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். வருடத்தைக் கேட்கவில்லை.

இராப்பறவை:
இந்த சுவிட்சுகள் நம்பியிருக்கும் நிறுவனத்து சர்வரைப் பற்றி யாரும் பேசவில்லையே? 2022 ஏப்ரலில் இன்ஸ்டியான் என்ற ஸ்மார்ட் சுவிட்ச் நிறுவனத்தின் சர்வர்கள் முன்னறிவிப்பில்லாமல் நின்றபோது வாங்கியவர்கள் கைப்பேசியைப் பார்த்து விழித்தார்கள். அதே வருடம் அக்டோபரில் மேட்டர் என்ற பொதுத் தரம் வந்தது, அதில் கருவிகள் வெளி சர்வர் இல்லாமல் வீட்டுக்குள்ளேயே பேசிக்கொள்ளும். வாங்குகிறவர்கள் அதைப் பாருங்கள். மின்வெட்டின்போது ரௌட்டரும் இன்வெர்ட்டரில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

திருச்சி வயர்மேன்:
சர்வர் அமெரிக்காவில் இருந்தால் என்ன, அடுப்படியில் இருந்தால் என்ன, பெட்டிக்குள் நியூட்ரல் வேண்டும்.

இராப்பறவை:
நான் அதை மறுக்கவே இல்லையே ஐயா.

திருச்சி வயர்மேன்:
மறுத்துப் பாருங்கள்.

அரைகுறை ஆர்வலர்:
ஒரு நடுவழி சொல்லட்டுமா? அழுத்தும் விசையிலேயே மின்சாரம் எடுத்துக்கொள்ளும் சுவிட்ச் உண்டு. எனோஷன் என்ற ஜெர்மன் நிறுவனத்துத் தொழில்நுட்பம், பேட்டரியும் வேண்டாம். அதன் செய்தியை வாங்கி விளக்கைப் போடும் ரிசீவரைக் கூரையில் விளக்குப் பக்கம் வைத்துவிட்டால் நியூட்ரல் அங்கேயே கிடைக்கும்.

நங்கநல்லூர் நிரலாளர்:
ரிசீவருக்கு எப்போதும் பேஸ் வேண்டும். பழைய சுவிட்சின் இரண்டு வயரையும் பெட்டிக்குள் சேர்த்துக் கட்டிவிட வேண்டும். ரிசீவர் கெட்டுப்போனால் விளக்கை எங்கே அணைப்பது?

திருச்சி வயர்மேன்:
இதைத் தம்பி சரியாகச் சொன்னார். முன்பொரு பதிவில் இன்வெர்ட்டர் பேட்டரிக்குக் குழாய்த் தண்ணீர் ஊற்றலாம் என்று சொன்ன ஆளிடமிருந்து எதிர்பார்க்கவில்லை.

நங்கநல்லூர் நிரலாளர்:
குழாய்த் தண்ணீர் என்று நான் எழுதவே இல்லை. ஆர்.ஓ. தண்ணீர் என்றேன். அவசரத்துக்கு என்றும் எழுதினேன். அந்தப் பதிவு இன்னும் இருக்கிறது, போய்ப் படியுங்கள்.

திருச்சி வயர்மேன்:
ஆர்.ஓ. தண்ணீரிலும் உப்பு மிச்சம் இருக்கும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர்தான். அப்போதும் இதைத்தான் சொன்னேன்.

நங்கநல்லூர் நிரலாளர்:
அப்போது நீங்கள் சொன்னது மழைத் தண்ணீர் பிடித்து ஊற்றலாம் என்று.

திருச்சி வயர்மேன்:
மொட்டை மாடியில் நேராகப் பாத்திரம் வைத்துப் பிடித்தால் என்றேன். தாழ்வாரத்தில் வழிவதை அல்ல.

டல்லாஸ் தமிழன்:
இங்கே வீடுகளில் இன்வெர்ட்டரே தேவையில்லை.

கோவைக் குடித்தனம்:
டல்லாஸ் அண்ணா, 2021 பிப்ரவரிப் பனியில் டெக்சஸில் லட்சக்கணக்கான வீடுகள் இருண்டு கிடந்தனவே, அப்போது எந்த நியூட்ரலைப் பிடித்துக்கொண்டு இருந்தீர்கள்?

டல்லாஸ் தமிழன்:
அது நூறாண்டில் ஒரு தடவை வருவது.

திருச்சி வயர்மேன்:
அம்மா, அவரை விடுங்கள். தம்பி, மழைத் தண்ணீர் பதிவின் முழு வாக்கியத்தையும் இங்கே ஒட்டுங்கள். பாதியை வெட்டி ஒட்டுவது உங்களுக்குப் பழக்கம்.